பார்த்தால் தெரியும்

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே போகும் பழைய சாலையில், கூலாய்க்குச் சற்று முன்னால் இருக்கிறது செனாய். 1974-இல் இங்கே விமான நிலையம் வந்தது. அதனால் வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் விமானச் சீட்டில் பார்த்த பெயர். உள்ளூர்க்காரர்களுக்கோ இது தோட்டப்புறம். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. மங்கு என்ற பால் கிண்ணத்தைத் துடைத்துப் பால் வெட்டிய குடும்பங்களே பின்னாளில் செம்பனைக் குலை வெட்டவும் பழகின.

இப்போது இதே வட்டாரத்தில் சன்னல் இல்லாத நீளமான கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. கூலாயிலும் செடெனாக்கிலும் வேலிக்கு உள்ளே, காவலுக்கு நடுவே நிற்கும் தரவு மையங்கள் இவை. கூலாயில் ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா அமைந்திருக்கும் இடம், முன்பு கூலாய் யங் எஸ்டேட் என்ற செம்பனைத் தோட்டம். நேற்று வரை குலை பழுத்த மண்ணில் இன்று இயந்திரங்கள் பாடம் படிக்கின்றன.

இயந்திரம் பாடம் படிப்பது என்றால் என்ன? அதற்கு விடை தேட, அந்தக் கட்டடத்துக்கு முன்பு அங்கே இருந்த தோட்டத்துக்குள் ஒரு முறை போய்வருவோம்.

நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பவர் அண்ணாந்து பார்க்கிறார். பல அடி உயரத்தில் மட்டைகளுக்கு இடையே குலை ஒன்று பாதி மறைந்திருக்கிறது. ஒரு நொடிதான். ஒன்று, அரிவாள் மேலே போகும். இல்லையென்றால் அவர் அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடுவார்.

“பழுத்ததுன்னு எப்படிண்ணே தெரியுது?”

“பார்த்தா தெரியும் தம்பி.”

சொன்னது உண்மை. காயாக வெட்டினால் எண்ணெய் குறையும். கனிந்து போக விட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் விழும். ஆண்டுக்கணக்கில் பிழைப்பே அந்த ஒரு பார்வையில் இருந்ததால் அவருக்கு அது தெரிகிறது. ஆனால் ‘பார்த்தா தெரியும்’ என்ற பதிலை வைத்துக்கொண்டு கணினியால் ஒன்றும் செய்ய முடியாது. இயந்திரங்களுக்கு அறிவூட்ட முயன்றவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் முட்டி மோதியது இந்தப் பதிலோடுதான்.

விதியாக எழுதிக் கொடுத்தால்?

முதலில் தோன்றும் வழி, தெரிந்ததை விதியாக எழுதிவிடுவது. செம்பனைக்கு அப்படி ஒரு விதி இருக்கவே இருக்கிறது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரம் பிரிக்கும் கையேட்டின்படி, பழுத்த குலை செம்மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும். பழம் உதிர்ந்த புதுக் குழிகள் குறைந்தது 10 இருக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பழங்கள் குலையிலேயே ஒட்டியிருக்க வேண்டும்.

மனிதருக்கு இது போதும். கணினிக்கு இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. செம்மஞ்சள் என்றால் எந்த அளவு சிவப்பு, எந்த அளவு மஞ்சள்? காலை வெயிலில் ஒரு நிறம், மழை மூட்டத்தில் ஒரு நிறம். குழி என்பது நிழலா, அழுக்கா, அணில் கடித்த தழும்பா? ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி, அந்த விதிக்கு ஒரு விலக்கு, விலக்குக்கு இன்னொரு விலக்கு என்று பட்டியல் முடியாமல் போகும்.

அந்த வழியிலும் பெரியவர்கள் நடந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1970-களில் உருவான மைசின் என்ற நிரல், இரத்தத்தில் தொற்றிய கிருமி எதுவாக இருக்கும் என்று கணித்து மருந்து சொன்னது. அதன் அறிவு முழுவதும் ஏறக்குறைய 600 விதிகளில் அடங்கியிருந்தது. இவ்வகை நிரல்களின் முன்னோடி எட்வர்ட் ஃபைகன்பாம். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, கணினிக்குப் பேச்சைப் புரியவைக்கும் ஆய்வில் பெயர் பெற்ற ராஜ் ரெட்டியும் அவரும் கணினித் துறையின் டூரிங் விருதை 1994-ஆம் ஆண்டுக்குப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்கள் கட்டியவை சிறிய சாதனைகள் அல்ல. ஆனால் விதி எழுதும் வழிக்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. வல்லுநரின் தலைக்குள் இருப்பதை வெளியே எடுத்து எழுதுவது பெரும்பாடு. கேட்டால் அவர்களும் கடைசியில் ‘பார்த்தால் தெரியும்’ என்றே சொன்னார்கள்.

போத்தனூர் அம்மாளின் மகன்

அந்த விருதுக்குப் பெயர் தந்த கணினி முன்னோடி ஆலன் டூரிங்குக்கும் நமக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. அவருடைய தாயார் எத்தல் சாரா ஸ்டோனி பிறந்தது கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில். தாயைப் பெற்ற தாத்தா மதராஸ் இரயில்வேயில் பொறியாளர். டூரிங்கின் தந்தை மதராஸ் மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்தவர்.

இயந்திரம் சிந்திக்குமா என்று கேட்டு டூரிங் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1950-இல் வெளிவந்தது. அதில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது, மறைவில் இருக்கும் இயந்திரத்தை மனிதரென்று நம்பவைக்கும் போட்டி. அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று கட்டுரையின் கடைசியில் இருக்கிறது. வளர்ந்த மனிதரின் மனத்தை நிரலாக எழுத ஏன் பாடுபட வேண்டும், குழந்தையின் மனம் போன்ற ஒன்றைச் செய்துவிட்டுப் பிறகு அதற்குக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று அவர் கேட்கிறார்.

தோட்டத்தில் நடப்பதும் இதுதான். புதிதாக வந்த பையனுக்கு யாரும் கையேடு கொடுப்பதில்லை. அப்பாவோடு போவான். “இத வெட்டலாமாப்பா?” என்பான். “வேணாம், காயி” என்பார். அடுத்ததைக் காட்டுவான். நூறு குலைக்குப் பிறகு கேள்வி குறையும். ஆயிரம் குலைக்குப் பிறகு அவனே இன்னொருவனிடம் ‘பார்த்தா தெரியும்’ என்பான்.

மூன்று திருத்தம்

1958-இல் பிராங்க் ரோசன்பிளாட் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தப் பையனுக்கு ஓர் இயந்திர உருவம் கொடுத்தார். அதன் பெயர் பெர்செப்ட்ரான். அது எப்படிக் கற்கும் என்பதை ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நாமே செய்து பார்த்துவிடலாம்.

நம் இயந்திரத்துக்குக் குலையைப் பற்றி இரண்டே செய்திகள் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, 10-க்கு எத்தனை சிவப்பு. மற்றொன்று, எத்தனை குழி. ஒவ்வொன்றையும் ஓர் எடையால் பெருக்கிக் கூட்டும். விடை 10-ஐத் தாண்டினால் ‘பழம்’, தாண்டாவிட்டால் ‘காய்’. தொடக்கத்தில் எடைகள் வெறும் குருட்டாம்போக்கு. சிவப்புக்கு 2, குழிக்கு 0.

முதல் குலை: சிவப்பு 7, குழி 1. கணக்கு 14. இயந்திரம் ‘பழம்’ என்கிறது. அப்பா ‘காய்’ என்கிறார். தவறு. திருத்தும் முறை எளிது. காயைப் பழம் என்றால், ஒவ்வொரு செய்தியின் அளவிலும் பத்தில் ஒரு பங்கை அதன் எடையிலிருந்து கழிக்க வேண்டும். பழத்தைக் காய் என்றால் அதே அளவைக் கூட்ட வேண்டும். இப்போது சிவப்பின் எடை 1.3, குழியின் எடை மைனஸ் 0.1.

இரண்டாம் குலை: சிவப்பு 6, குழி 14. கணக்கு 6.4. ‘காய்’ என்கிறது இயந்திரம். அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார். பழம்! இரண்டாவது திருத்தம். எடைகள் 1.9, 1.3.

முதல் குலையைத் திரும்பக் காட்டுகிறோம். கணக்கு 14.6. மறுபடியும் ‘பழம்’ என்று தவறு. மூன்றாவது திருத்தம். எடைகள் 1.2, 1.2.

இப்போது முதல் குலைக்கு 9.6 வருகிறது. காய். இரண்டாம் குலைக்கு 24. பழம். இரண்டும் சரி.

நடந்ததைச் சற்று நின்று பாருங்கள். குழியைக் கவனி என்று யாரும் இயந்திரத்திடம் சொல்லவில்லை. சிவப்பை அதிகம் நம்பாதே என்றும் சொல்லவில்லை. ‘தவறு’ என்று மட்டுமே சொன்னோம். மூன்று திருத்தத்தில் குழியின் எடை 0-இலிருந்து 1.2-க்கு ஏறிவிட்டது, சிவப்பின் எடை இறங்கிவிட்டது. விதி எழுதப்படவில்லை, படிந்தது. இன்று உலகை ஆட்டிப்படைக்கும் செயற்கை நுண்ணறிவின் அடிமண் இவ்வளவுதான்: தவறு, சிறு திருத்தம், மறுபடி முயற்சி.

ஒரு கோடு போதாது

பெர்செப்ட்ரானைப் பற்றி அன்றைய செய்தித்தாள்கள் வானளாவ எழுதின. 1969-இல் மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் ஒரு நூலில் அதன் குறையைக் கணித முறைப்படி எடுத்துக்காட்டினார்கள். அந்தக் குறை நம் குலையிலும் இருக்கிறது.

குழி 1 என்றால் காய். 14 என்றால் பழம். குலையின் பெரும்பகுதி உதிர்ந்து குழியாகவே தெரிந்தால்? அது கனிந்து கெட்ட குலை, அதுவும் வேண்டாம். ஆக, குழி குறைந்தாலும் ஆகாது, மிஞ்சினாலும் ஆகாது, நடுவில் இருக்க வேண்டும். நம் இயந்திரத்துக்கோ ‘கூடக் கூட நல்லது’ அல்லது ‘கூடக் கூடக் கெட்டது’ என்று மட்டுமே சொல்ல வரும். ‘அளவோடு இருந்தால் நல்லது’ என்று சொல்ல அதற்கு வழியில்லை. ஒற்றைக் கோடு கிழித்து இருபுறம் பிரிப்பதன் எல்லை அது.

தீர்வு, ஆட்களைக் கூட்டுவது. ஒரு பெர்செப்ட்ரான் ‘போதிய அளவு உதிர்ந்துவிட்டதா’ என்று பார்க்கட்டும். இன்னொன்று ‘அளவுக்கு மீறி உதிர்ந்துவிட்டதா’ என்று பார்க்கட்டும். இவர்கள் சொல்வதைக் கேட்டு மூன்றாவது ஒன்று முடிவெடுக்கட்டும். இப்படி அடுக்கடுக்காகக் கோத்ததுதான் நரம்பு வலை.

அடுக்கு வந்ததும் புதுச் சிக்கல் வந்தது. முடிவு தவறென்றால் பழியை யார் மேல் போடுவது? ஆலை வாசலில் தரம் பிரிப்பவர் லாரியில் காய்க்குலைகளைக் கண்டு விலையைக் குறைத்துவிட்டார் என்று வையுங்கள். செய்தி தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து மேற்பார்வை பார்க்கும் மண்டோருக்கு, மண்டோரிடமிருந்து வெட்டியவருக்கு. ஒவ்வொருவரும் தம் பங்கு எவ்வளவோ அவ்வளவு திருத்திக்கொண்டால் அடுத்த லாரி சரியாகப் போகும். வலையிலும் பிழையைக் கடைசி அடுக்கிலிருந்து முதல் அடுக்கு வரை பின்னோக்கிப் பங்கிட்டு அனுப்பலாம். ஒவ்வோர் எடையும் அந்தப் பிழைக்கு எவ்வளவு காரணம் என்பதை வகையீட்டுக் கணிதம் துல்லியமாகச் சொல்லிவிடும். 1986-இல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை இந்த முறையை உலகறியச் செய்தது. தோட்டத்தில் பழி பெரும்பாலும் கடைசி ஆளின் தலையிலேயே முழுதாக விழும். கணிதம் அந்த விஷயத்தில் நியாயமானது.

2012-இல் ஹின்டனும் அவருடைய மாணவர்கள் இருவரும் டொரன்டோவிலிருந்து ஒரு வலையைப் படங்களை வகைப்படுத்தும் போட்டிக்கு அனுப்பினார்கள். கற்க 12 லட்சம் படங்கள், பிரிக்க 1000 வகைகள், திருத்த 6 கோடி எடைகள். ஐந்து ஊகங்களில் ஒன்றாவது சரியாக வர வேண்டும் என்பது கணக்கு. அடுத்த இடத்தில் இருந்தவர்களின் பிழை 26.2 விழுக்காடு. இவர்களுடையது 15.3. இந்த வலைக்குச் சிவப்பு, குழி என்று எதையும் நாம் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை. படத்தின் புள்ளிகளை அப்படியே கொடுத்தால் போதும், எதைக் கவனிப்பது என்பதையும் அதுவே கற்றுக்கொள்ளும். மலேசியப் பல்கலைக்கழகங்களில் குலை பழுத்த நிலையைப் படத்திலிருந்து கண்டறியும் ஆய்வுகளும் இன்று இந்த வழியிலேயே நடக்கின்றன.

வேலிக்கு உள்ளே

அந்த டொரன்டோ வலை கற்றுக்கொள்ள, கணினி விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட இரண்டு வரைகலைச் செயலிகளும் ஐந்தாறு நாள்களும் போதுமாக இருந்தன. 2020-இல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி வலையில் எடைகள் 17,500 கோடி. இரண்டு செயலி எந்த மூலைக்கு? ஆயிரக்கணக்கில் வேண்டும். அவற்றை வைக்க இடம் வேண்டும், ஓட்ட மின்சாரம் வேண்டும், குளிரவைக்கத் தண்ணீரும் வேண்டும்.

செனாய் வட்டாரம் கதைக்குள் வருவது இங்கேதான். இடநெருக்கடியும் மின்தேவையும் கருதி 2019 முதல் 2022 வரை சிங்கப்பூர் புதிய தரவு மையங்களை நிறுத்தி வைத்திருந்தது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிலம் இருந்தது, மின்சாரம் இருந்தது, சிங்கப்பூர் கூப்பிடு தூரத்தில் இருந்தது. 2023 டிசம்பரில் ஒய்டிஎல் நிறுவனம் அமெரிக்காவின் என்விடியாவோடு கைகோத்துக் கூலாய்ப் பூங்காவில் செயற்கை நுண்ணறிவுக்கான கணினிகளை நிறுவப்போவதாக அறிவித்தது. அந்தப் பூங்காவுக்குத் திட்டமிட்ட மின்திறன் 500 மெகாவாட். 1000 வாட் இஸ்திரிப்பெட்டிகள் ஐந்து லட்சத்தை ஒரே நேரத்தில் சூடாக்கும் அளவு அது. இஸ்திரிப்பெட்டி உவமை விளையாட்டுக்குச் சொன்னதல்ல. கணினிக்குள் போகும் மின்சாரம் கடைசியில் அவ்வளவும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. மூன்று திருத்தத்தை நாம் தாளில் போட்டோம், வியர்க்கவில்லை. கோடிக்கணக்கான எடைகளை ஓயாமல் திருத்தினால் கட்டடமே வியர்க்கும். அதைத் துடைக்கத்தான் தண்ணீர். ஜொகூரில் தரவு மையங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து என்ற கேள்வி எழுவது அதனால்தான்.

அடுத்த சொல் என்ன?

இத்தகைய கட்டடங்களுக்குள் நடக்கும் பயிற்சிகளில் ஒன்று மொழிப் பயிற்சி. அதில் ஆசிரியர்கூட வேண்டாம். எழுதப்பட்ட ஒரு வரியை எடுத்து, கடைசிச் சொல்லை மறைத்துவிட்டு, என்னவென்று கேட்டால் போதும். விடை அந்த வரியிலேயே இருக்கிறது. ‘தீபாவளிக்கு அம்மா முறுக்கு’ என்று நிறுத்தினால் ‘சுட்டார்’ என்று வர வேண்டும். ‘சுட்டான்’ என்று வந்தால் தவறு. சிறு திருத்தம். மறுபடி முயற்சி.

தமிழில் இந்த விளையாட்டு கொஞ்சம் கடினம். வினைமுற்று கடைசியில் நிற்கும், அதற்குரியவர் எங்கோ முன்னால் இருப்பார். ‘என் தங்கை நேற்று ராத்திரி மழையில் நனைந்துகொண்டு கடைசிப் பேருந்தைப் பிடித்து வந்த களைப்பில் இன்னும்’ என்ற வரியை முடிக்க வேண்டுமானால் மழையையும் பேருந்தையும் ஒதுக்கிவிட்டுத் ‘தங்கை’யைப் பிடிக்கத் தெரிய வேண்டும். அப்போதுதான் ‘தூங்குகிறாள்’ என்று வரும். ஒரு வரியில் எந்தச் சொல் எந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும் என்பதையும் எடைகளாகவே கற்கும் அமைப்பை 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் எட்டுப் பேர் வெளியிட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மர் என்பது அதன் பெயர். இன்று நாம் உரையாடும் நிரல்களில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகள். ஒய்டிஎல் நிறுவனம் மலாய் மொழியை முன்னிறுத்தி 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ‘இல்மு’வும் இந்தக் குடும்பம்தான். இல்மு என்றால் மலாயில் அறிவு.

அறிவுதானா? அடுத்த சொல்லைச் சரியாக ஊகிக்க இலக்கணம், ஊர்ப் பழக்கம், கொஞ்சம் தர்க்கம் எல்லாம் வேண்டியிருக்கிறது. அவற்றின் சாயல் எடைகளில் படிகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த அறிவுக்கும் ‘பார்த்தால் தெரியும்’ என்பதற்கு மேல் விளக்கம் சொல்ல வராது. தெரிந்தது கோடிக்கணக்கான எண்களில் கரைந்து கிடக்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. பழக்குலைப் படங்களை எல்லாம் காலையிலும் காய்க்குலைப் படங்களை எல்லாம் மாலையிலும் எடுத்துக் கொடுத்தால், இயந்திரம் குலையை விட்டுவிட்டு வெயிலைக் கற்றுக்கொள்ளும். தேர்விலும் முழு மதிப்பெண் வாங்கும். தோட்டத்துக்குப் போனால்தான் குட்டு வெளிப்படும். அந்தப் பையன் அப்படி ஏமாற மாட்டான். குலையைத் தூக்கியிருக்கிறான், முள் குத்தியிருக்கிறது, உதிரிப்பழம் பொறுக்கியிருக்கிறான், காயை வெட்டி ஏச்சும் வாங்கியிருக்கிறான். இயந்திரத்துக்குக் காட்டியது மட்டுமே உலகம்.

மூன்று எழுத்தும் பதினெட்டுப் பைட்டும்

தமிழைப் பற்றி இயந்திரத்துக்கு என்ன காட்டியிருக்கிறோம்? ‘செனாய்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ச, எகரக் கொம்பு, ன, கால், ய, புள்ளி என்று ஆறு குறிகள். இணையத்தில் பரவலாகப் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வீதம் 18 பைட். இதே பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் 5 பைட். மொழி வலைகள் அடிக்கடி கண்ட தொடர்களை ஒரே துண்டாகவும் அரிதாகக் கண்டவற்றைப் பொடிப்பொடியாகவும் வெட்டிப் படிக்கின்றன. பார்த்த தமிழ் குறைவென்றால் துண்டுகள் சிறுக்கும். ஒரே செய்திக்குக் கணக்கும் மின்சாரமும் கூடும், தவறும் கூடும்.

இந்தக் குறையைப் போக்க இந்த நாட்டிலேயே முன்கூட்டி உழைத்தவர் இருக்கிறார். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கினார். 2005 பொங்கலன்று அவருடைய செல்லினம் வெளிவந்து கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்யும் வழியைத் திறந்தது. விரல் வைப்பதற்குள் அடுத்த சொல்லைக் காட்டும் விசைப்பலகையைப் பயன்படுத்தும் நாம் ஒவ்வொருவரும், மேலே சொன்ன ஊக விளையாட்டின் சிறிய வடிவத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கருவி வந்துவிட்டது. எழுதுவதுதான் பாக்கி. பெரட்டு (விடியற்காலை ஆள்கணக்கு), மங்கு, ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) போன்ற தோட்டத்துச் சொற்கள் ஒரு தலைமுறையின் வாயில் அன்றாடம் இருந்தவை. அவற்றில் பெரும்பகுதி பேசப்பட்டதோடு சரி, எழுதப்படவில்லை. எழுதப்படாதது எந்த வலையிலும் படியாது. செனாய்க்குப் பக்கத்திலேயே ஆயிரம் செயலிகள் இரவும் பகலும் ஓடினாலும், அந்தத் தோட்டத்தில் ஒருவர் குலையை அண்ணாந்து பார்த்து என்ன கண்டார் என்பது அவற்றுக்குத் தெரியப்போவதில்லை.

உங்கள் வீட்டில் தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால் ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். ‘பார்த்தா தெரியும்’ என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எதைப் பார்த்து என்று கேளுங்கள். கேட்டதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள்.